இடம்பெயர்ந்த இடத்தில் மாடுகளைப் பேணுதல்

ஒரு விவசாயக் குடும்பம் இடம்பெயரும்போது வீட்டையும் கிணற்றையும் வயலையும் விட்டுவிட்டே செல்கிறது. சொத்து என்று சொல்லக்கூடியவற்றுள் தன் காலால் நடந்து கூடவே வருவது மாடு ஒன்றுதான். போன இடத்தில் குழந்தைக்குப் பால் தருவதும் அதுவே. அவசரத்துக்கு விற்று மருந்துச் செலவைச் சமாளிக்க உதவுவதும், ஒரு காணித்துண்டு கிடைத்தால் உழவைத் தொடங்கக் கைகொடுப்பதும் அதுவே. ஆனால் இடம்பெயர்ந்த இடம் மனிதருக்கு எவ்வளவு புதியதோ அவ்வளவு மாட்டுக்கும் புதியது. தண்ணீர் வேறு, மேய்ச்சல் வேறு, அருகில் நிற்கும் மாடுகளும் வேறு. எனவே சொந்த ஊரில் கவனிக்காமல் விட்டாலும் தப்பிய மாடு, இங்கே கவனமில்லாவிட்டால் தப்பாது. அதிக பணச் செலவின்றிச் செய்யக்கூடிய சில பாதுகாப்பு முறைகளையும் அவற்றின் காரணங்களையும் இக்கட்டுரையில் நோக்குவோம்.

முதல் சில நாட்கள்

நடத்திக் கொண்டுவரும் மாட்டை வெயில் ஏறுமுன்னும் வெயில் தாழ்ந்த பின்னும் நடத்துவதே நல்லது. நிறைமாதச் சினைப்பசுவையும் இளங்கன்றையும் இயன்றவரை வாகனத்தில் ஏற்றவேண்டும். மாடுகளை வாகனத்தில் கொண்டுசெல்வதற்கு அனுமதிப்பத்திரமும் கால்நடை வைத்தியரின் சுகாதாரச் சான்றிதழும் தேவை என்பதையும் மறந்துவிடக்கூடாது.

போய்ச் சேர்ந்தவுடன் நிழலில் கட்டி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுக்கவேண்டும். பின்னர் வைக்கோல் அல்லது காய்ந்த புல்லைப் போடலாம். பசியோடு வந்த மாட்டின் மீது இரக்கப்பட்டு நிவாரண அரிசியையோ நெல்லையோ மாவையோ அள்ளி வைப்பது ஆபத்தானது. மாட்டின் பெரிய இரைப்பையில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. புல்லைச் செரிக்கச் செய்பவை அவையே. பழக்கமில்லாத மாட்டுக்குத் தானியம் திடீரெனப் பெருமளவில் போனால் இரைப்பையில் அமிலம் பெருகி அந்த நுண்ணுயிர்கள் அழிகின்றன. மாடு தீனை மறுத்து, கழிந்து, படுத்துவிடும். பல வேளைகளில் எழும்பாது. எந்தப் புதிய தீனையும் ஒரு வாரத்துக்குமேல் எடுத்துச் சிறிது சிறிதாகவே பழக்கவேண்டும்.

மாடுகள் கலக்கும் இடம்

பல ஊர் மாடுகள் ஒரே தரவையில் மேய்வதும் ஒரே குளத்தில் தண்ணீர் குடிப்பதும் இடம்பெயர்ந்த இடங்களில் வழக்கம். நோய்க்கு இதைவிட நல்ல வாய்ப்பு வேறில்லை. எமது நாட்டின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. ரின்டர்பெஸ்ட் எனப்படும் வெக்கை நோய் இலங்கையிலிருந்து ஒழிந்து பல தசாப்தங்கள் கழிந்திருந்தன. 1987 ஆம் ஆண்டு இந்திய அமைதி காக்கும் படையினரின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளுடன் அது மீண்டும் இங்கு வந்ததாகக் கால்நடை விஞ்ஞானிகள் பதிவுசெய்துள்ளனர். வடக்கிலும் கிழக்கிலும் பெருந்தொகையான மாடுகளும் எருமைகளும் மடிந்தன. 1994 ஆம் ஆண்டிலேதான் நோய் இங்கு இறுதியாகக் காணப்பட்டது. 2011 ஆம் ஆண்டில் அந்நோய் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அந்த நோய் போய்விட்டது. ஆனால் பரிசோதிக்கப்படாத விலங்கு ஒன்று புதிய இடத்துக்கு வந்தால் என்ன நேரும் என்ற பாடம் இன்றைக்கும் பொருந்தும்.

எனவே புதிதாக வந்த மாட்டையும், சந்தையில் வாங்கிய மாட்டையும், உறவினர் கொடுத்த மாட்டையும் இரண்டு மூன்று வாரமாவது தனியே கட்டவேண்டும். அதற்குத் தனி வாளி வேண்டும். முதலில் பழைய மாடுகளைக் கவனித்துவிட்டுப் பின்னரே புதியதிடம் செல்லவேண்டும். பல நோய்கள் வெளியே தெரிய வருவதற்கு இந்த இடைவெளி போதும்.

தண்ணீர்

மாட்டின் உடலில் பாதிக்குமேல் தண்ணீரே. உள்ளூர்ப் பசு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 40 லீற்றர் வரை, அதாவது சாதாரண வாளியால் மூன்று நான்கு வாளி, தேவை. பால் தரும் பசுவுக்குக் கறக்கும் ஒவ்வொரு லீற்றருக்கும் மேலும் நான்கைந்து லீற்றர் வேண்டும். தண்ணீர் குறைந்தால் முதலில் பால் குறையும். பின்னர் தீன் எடுப்பது குறையும்.

நெடுந்தீவில் கட்டின்றித் திரியும் குதிரைகளை நம்மில் பலர் அறிவோம். அவை அந்நியர் ஆட்சிக் காலத்தில் அங்கு கொண்டுவரப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை. கடும் வரட்சியான ஆண்டுகளில் அவை குடிநீரின்றி மடிகின்றன. கிணற்றில் தண்ணீர் கிடந்தாலும் அள்ளிக் குடிக்க விலங்கால் முடியாது. அள்ளி ஊற்ற ஒரு மனிதரும் ஊற்றி வைக்க ஒரு தொட்டியும் வேண்டும். குதிரைக்கு உள்ள இந்த நிலைதான் கட்டையில் கட்டிய மாட்டுக்கும். நிவாரண வரிசைக்கோ அலுவலகத்துக்கோ பகல் முழுதும் போகவேண்டியிருந்தால், கட்டிய மாட்டுக்கு எட்டும் தூரத்தில் தண்ணீரும் நிழலும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டே புறப்படவேண்டும். மனிதர் குடிக்கும் கிணற்றைச் சுற்றி மாடு நிற்கக்கூடாது. நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து சற்றுத் தள்ளி ஒரு சீமெந்துத் தொட்டி அமைத்து, வாரமொரு முறை தேய்த்துக் கழுவினால் இருசாராருக்கும் நன்மை.

தீன்

200 கிலோ நிறையுள்ள உள்ளூர் மாட்டுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 கிலோ பச்சைத்தீன் தேவை. தரவை போதாத இடத்தில் வேலிதான் எமது மேய்ச்சல் நிலம். கிளிசரிடியா எனப்படும் சீமைக்கிளுவை, முள்முருக்கு, பூவரசு, இப்பிலிப்பில் ஆகியவற்றை மாரி தொடங்கும்போது நட்டால் அடுத்த ஆண்டே குழை வெட்டலாம். சீமைக்கிளுவைக் குழையின் மணத்தை மாடு முதலில் விரும்பாது. வெட்டி ஒரு நாள் வாடவிட்டுப் புல்லோடு கலந்தால் பழகிவிடும். இப்பிலிப்பில் குழை தீனின் மூன்றிலொரு பங்குக்கு மேற்படக்கூடாது. மேற்பட்டால் அதிலுள்ள நச்சுப்பொருளால் மயிர் உதிரும். பனையோலையைக் கிழித்துப் போடும் யாழ்ப்பாணத்து வழக்கம் கோடைக்கு மிக உகந்தது. மரவள்ளி இலையையும் தோலையும் பச்சையாகப் போடவே கூடாது. அவற்றில் சயனைட் நஞ்சு உண்டு. நன்றாக உலர்த்திய பின் சிறிதளவு கொடுக்கலாம்.

வைக்கோல் மட்டும் கிடைக்குமிடத்தில் அதைச் சத்தாக்கும் முறை ஒன்று உண்டு. 100 லீற்றர் தண்ணீரில் 4 கிலோ யூரியாவை முற்றாகக் கரைத்து, 100 கிலோ வைக்கோலின் மீது படை படையாகத் தெளித்து மிதித்து, பொலித்தீனால் காற்றுப் புகாமல் 10 நாள் மூடிவைக்கவேண்டும். யூரியாவிலிருந்து உண்டாகும் வாயு வைக்கோலை இளகச் செய்து செரிமானத்தைக் கூட்டுகிறது. திறந்தபின் சிறிது நேரம் காற்றாட விட்டுக் கொடுக்கவேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு இது கூடாது. யூரியாவையோ அது கரைத்த தண்ணீரையோ மாடு நேரடியாக உட்கொண்டால் சிறிது நேரத்திலேயே இறந்துவிடும். எனவே யூரியாப் பையை மாடு எட்டாத இடத்தில் வைக்கவேண்டும்.

மாரியின் தொடக்கத்தில் முளைக்கும் இளம்புல்லை வெறுவயிற்றில் மேய்ந்தால் வயிறு பொருமும். இடப்பக்க வயிறு மத்தளம்போல் எழும்பி மாடு மூச்சுக்குத் தவிக்கும். மேய விடுமுன் கொஞ்சம் வைக்கோல் கொடுப்பது இதைத் தடுக்கும். பொருமிய மாட்டின் முன்னங்கால்கள் மேட்டில் நிற்கும்படி நிறுத்தி, கால் லீற்றர் தேங்காயெண்ணெய் அல்லது நல்லெண்ணெயை மெதுவாகப் பருக்கிவிட்டுக் கால்நடை வைத்தியரை அழைக்கவேண்டும். பருக்கும்போது நாக்கை இழுத்துப் பிடிக்கவோ தலையை மேலே வளைக்கவோ கூடாது. எண்ணெய் சுவாசப்பையினுள் போய்விடும்.

கொட்டிலும் குளிரும்

2022 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் மான்டஸ் புயல் கடந்து சென்றபோது வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் இறந்தன. தொற்றுநோயோ என்று பலர் அஞ்சினர். குளிரே காரணம் என்று ஆய்வின்பின் அறிவிக்கப்பட்டது. எமது பகுதியில் குளிரால் மாடு சாகுமா என்று கேட்கலாம். உலர்ந்த மயிர் போர்வைபோல் உடற்சூட்டைக் காக்கும். நனைந்தால் அந்தக் காப்பு இல்லாமற் போகும். நனைந்த உடலில் காற்று அடித்தால் சூடு விரைவாக வெளியேறும். கொழுப்பில்லாத மெலிந்த மாட்டிடம் இழந்த சூட்டை ஈடுசெய்ய எரிபொருள் இல்லை. மேலும் இரைப்பையில் வைக்கோல் செரிக்கும்போது உண்டாகும் சூடே மாட்டின் உள் அடுப்பு. வெறும் வயிற்றோடு திறந்த வெளியில் மழையில் நின்ற மாட்டுக்கு அந்த அடுப்பும் அணைந்துவிடுகிறது.

ஆகவே மாரிக்கு முன் மூன்று காரியங்களைச் செய்துவிடவேண்டும். முதலாவது, வாடைக்காற்று வரும் வடகிழக்குப் பக்கத்தைக் கிடுகாலோ பனையோலையாலோ சாக்காலோ அடைப்பது. நான்கு பக்கமும் மூடத் தேவையில்லை. காற்றோட்டம் இல்லாவிட்டால் சளி பிடிக்கும். இரண்டாவது, நிலத்தை மேடாக்கி, சிறுநீரும் மழைநீரும் வழிந்தோடச் சரிவு விட்டு, கன்றுகள் படுக்கும் இடத்தில் காய்ந்த வைக்கோல் பரப்புவது. மூன்றாவது, அடைமழை நாட்களுக்கென்று ஒரு வாரத்துக்குப் போதிய வைக்கோலை நனையாமல் சேமித்து, இரவில் கொடுப்பது. நனைந்த கன்றைச் சாக்கால் துடைத்து, உலர்ந்த சாக்கால் போர்த்துவிடவேண்டும். பெரிய மாடு ஒன்றுக்கு ஏறத்தாழ 40 சதுர அடி இடம் வேண்டும். கொட்டில் கிணற்றிலிருந்து ஆகக்குறைந்தது 50 அடி தள்ளித் தாழ்வான பக்கத்தில் அமையட்டும். சாணத்தை ஒரு குழியில் குவித்து மண்ணால் மூடினால் இலையான் பெருகாது, எருவும் சேரும்.

தடுப்பூசி

கால்வாய் நோய் கண்ட மாட்டின் வாயிலும் குளம்பிடையிலும் கொப்புளங்கள் தோன்றி உடையும். எச்சில் வடியும், மாடு நொண்டும். வளர்ந்தவை பெரும்பாலும் பிழைத்தாலும் பால் வற்றும், உழவுக்கு நாளாகும். கன்றுகளுக்கு இருதயம் தாக்கப்பட்டுச் சாவு நேரலாம். நோய் மனிதரின் உடை, செருப்பு, வாகனச் சில்லு ஆகியவற்றிலும் பரவும். எனவே நோயுள்ள கொட்டிலுக்குப் போய் வந்தவர் கைகால் கழுவி உடை மாற்றாமல் தம் மாட்டிடம் செல்லக்கூடாது.

தொண்டை அடைப்பான் மழைக்காலத்துக் கொலைநோய். கடுங்காய்ச்சலும் தொண்டை வீக்கமும் கண்டு ஓரிரு நாளில் மாடு இறந்துவிடும். எருமைக்கு ஆபத்து அதிகம். நோய் கண்டபின் மருந்து பலன்தரும் நேரம் மிகக் குறுகியது. சப்பை நோய் ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையான திடகாத்திரமான கன்றுகளையே பெரும்பாலும் தாக்கும். தொடை வீங்கி, அழுத்தினால் உள்ளே நொறுநொறுவென்று சத்தம் கேட்கும். இதன் கிருமி மண்ணில் பல்லாண்டு உயிரோடு கிடக்கும். இறந்த மாட்டை வெட்டாமல் ஆழக் குழிதோண்டிப் புதைக்க வேண்டும் என்பது இதனாலேயே.

தோல் கழலை நோய் 2020 ஆம் ஆண்டிலே எமது வட மாகாணத்தில் பரவியது. உடலெங்கும் கட்டிகள் எழும். கடிக்கும் ஈ, நுளம்பு, உண்ணி என்பவை இதைப் பரப்புகின்றன. மனிதருக்கு இது தொற்றாது. மாலையில் கொட்டிலருகே வேப்பிலைப் புகை போடுவதும் தேங்கிய நீரை வடிப்பதும் உதவும்.

இந்நோய்களுக்குத் தடுப்பூசி உண்டு. ஊசி போட்டபின் உடலில் எதிர்ப்புச் சக்தி உண்டாக இரண்டு மூன்று வாரம் செல்லும். எனவே மழை தொடங்கியபின் அல்ல, ஓகஸ்ட், செப்ரெம்பர் மாதங்களிலேயே போட்டுவிடவேண்டும். இடம்பெயர்ந்த குடும்பங்களின் மாடுகள் கால்நடை வைத்திய அலுவலகத்தின் பதிவில் இல்லாமலிருக்கக்கூடும். ஒவ்வொரு முகாமிலும் குடியிருப்பிலும் ஒருவர் எல்லா மாடுகளையும் எண்ணிப் பட்டியல் எழுதி அலுவலகத்தில் கொடுத்தால் ஒரே நாளில் ஊசி போட வசதியாகும். சிலருடைய மாடுகள் மாத்திரம் ஊசி பெறுவது போதாது.

கன்று, மடி, உண்ணி

பிறந்த கன்றுக்கு முதல் ஒரு மணித்தியாலத்துள் கடும்புப்பால் குடிக்கக் கொடுக்கவேண்டும். தாயின் நோயெதிர்ப்புச் சக்தி அதன் வழியாகவே கன்றுக்குக் கிடைக்கிறது. ஒரு நாள் கழிந்தால் கன்றின் குடல் அதை உறிஞ்சாது. கன்று குடித்து மிஞ்சியதே எமக்கு. தொப்புளைச் சுத்தமாக்கித் தொற்றுநீக்கி மருந்து பூசவேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் முதற் பூச்சிமருந்தும் பின்னர் வைத்தியர் சொல்லும் இடைவெளியிலும் கொடுக்கவேண்டும்.

கறக்குமுன் கையையும் மடியையும் கழுவித் துடைத்து, முதல் இரண்டு பீச்சுப் பாலை ஒரு கறுத்தத் துணியில் விட்டுப் பார்த்தால் திரிதிரியாகத் தெரிவது மடிநோயின் தொடக்கம். கறந்தபின் முலைத் துவாரம் மூட ஏறத்தாழ அரை மணித்தியாலம் செல்லும். அதற்குள் பசு சேற்றில் படுத்தால் கிருமி உள்ளே போகும். எனவே கறந்தவுடன் தீன் போட்டு நிற்க வைப்பது நல்லது.

உண்ணிகளைக் காது, கழுத்து, மடி, வாலடி ஆகிய இடங்களில் தேடிப் பிடுங்கி எரிக்கவேண்டும். மண்ணெண்ணெய் பூசினால் தோல் வெந்துவிடும். காய்ச்சலோடு சிறுநீர் கோப்பி நிறத்தில் போனால் அது உண்ணிக் காய்ச்சல். அன்றே வைத்தியரை நாடவேண்டும்.

உழவு மாடு

நீண்ட நாள் வேலையின்றி நின்ற எருதை ஒரே நாளில் முழு உழவுக்குப் பூட்டக்கூடாது. ஒரு மணித்தியாலத்தில் தொடங்கி ஒவ்வொரு நாளும் கூட்டவேண்டும். நுகம் இரண்டு மாட்டின் உயரத்துக்கும் பொருந்தவேண்டும். பொருந்தாத நுகம் கழுத்தை அரைத்துப் புண்ணாக்கும். வீக்கம் கண்டவுடன் வேலையை நிறுத்தினால் சில நாளில் ஆறும். நிறுத்தாமல் புண்ணாக விட்டால் அந்தப் போகமே போய்விடும். ஓய்வுநாள் பற்றிய வேதாகமக் கட்டளை மனிதருக்கு மட்டுமன்றி மாட்டுக்கும் இளைப்பாறுதலைக் கேட்கிறது. பட்டிப்பொங்கல் கொண்டாடும் எமது அயலவரும் அதே உண்மையைத்தான் தம் வழியில் போற்றுகின்றனர்.

மாட்டிலிருந்து மனிதருக்கு

நெருக்கமாக வாழும் இடங்களில் இது முக்கியம். பாலைக் கொதிக்க வைத்தே குடிக்கவேண்டும். சினைப்பசு கன்றை அரைகுறையில் போட்டால் அதையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாமல் புதைத்து வைத்தியருக்கு அறிவிக்கவேண்டும். மனிதருக்கும் தொற்றும் நோய் ஒன்று அதற்குக் காரணமாயிருக்கலாம். விசர்நாய் கடித்த மாடு வழமைக்கு மாறாகக் கதறி எச்சில் வடிக்கும். தொண்டையில் ஏதோ அடைத்துவிட்டதென்று வாய்க்குள் கைவிடுவது உயிருக்கே ஆபத்து. வயலிலும் தொழுவத்திலும் வெள்ளம் நின்றபின் எலிக்காய்ச்சல் வரக்கூடும். காலில் புண்ணுள்ளவர் அந்தச் சேற்றில் இறங்காதிருக்கட்டும்.

கயிறும் குறியும்

1995 இலும் 2009 இலும் எமது மக்கள் பெருந்தொகையாக வெளியேறியபோது எண்ணற்ற மாடுகள் பின்னே விடப்பட்டன. பூட்டிய பட்டியிலும் கட்டையிலும் விடப்படும் மாடு தாகத்தால் இறந்துபோகும். அவிழ்த்துவிட்டால் ஒரு குளத்தையாவது தேடிப்போகும். புயல், வெள்ள அறிவித்தல் வரும்போதும் இதுவே விதி. கழுத்துக் கயிறு இறுகும் சுருக்காக இருக்கக்கூடாது. கட்டையில் உள்ள முடிச்சு, பிள்ளைகளும் ஒரே இழுவையில் அவிழ்க்கக்கூடியதாக இருக்கட்டும்.

போருக்குப் பின் வன்னியில் அலைந்த மாடுகளின் உரிமை பற்றிப் பல பிணக்குகள் எழுந்தன. குறி, காது இலக்கத் தகடு, நிறம், கொம்பின் அமைப்பு, ஈன்ற கன்றுகள் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி, இருபக்கமும் எடுத்த படத்தையும் பதிவுப் பத்திரத்தையும் குடும்ப அட்டையோடு ஒரே பொலித்தீன் பையில் வைத்திருங்கள். திரும்பிச் செல்லும் ஊரில் மேய விடுமுன், அவ்விடம் மிதிவெடி அகற்றப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் கேட்டறியுங்கள். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைக்கு அப்பால் மாடு போய்விட்டால் அதைத் தேடிப் பிள்ளைகளை அனுப்பவேண்டாம், நாமும் போகவேண்டாம். இப்பால் நின்று தண்ணீர் வாளியைத் தட்டி அழைத்தால் பழகிய மாடு பெரும்பாலும் திரும்பி வரும். அது வராவிட்டாலும், ஒரு மாட்டின் விலைக்கு ஒரு காலைக் கொடுக்கமுடியாது.

இவற்றையெல்லாம் ஒரே நாளில் செய்ய எவராலும் இயலாது. இந்த வாரம் நான்கு காரியங்களோடு தொடங்கலாம்: தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவது, வாடைப்பக்கம் அடைப்பது, மாட்டின் விபரத்தைக் கொப்பியில் எழுதுவது, அயலிலுள்ள மாடுகளை எண்ணித் தடுப்பூசிப் பட்டியலைக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கொடுப்பது. கடைசியாகச் சொன்னதைத் தனி ஒருவரால் செய்யமுடியாது. ஞாயிறு வழிபாட்டின் பின்னோ சங்கக் கூட்டத்தின்போதோ அதைப் பேசி ஒருவரைப் பொறுப்பாக நியமித்துக்கொள்வோம்.